சத்திரக்காரரை மறந்த சமாரியர்கள்

சென்ற தவக்காலத்தின் தொடக்கத்தில் நம் மேசைக்கு ஒரு நன்கொடைப் புத்தகம் வந்து சேர்ந்தது. நூறு இரசீதுகள் கொண்ட தடித்த புத்தகம். முகப்பில் ஆரோக்கிய அன்னையின் படம். அதன் கீழே, நம் மறைமாவட்ட மக்களுக்கென்று சொந்தமாக ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுப்பும் திருப்பணிக்குத் தாராளமாக உதவுமாறு வேண்டுகோள். அனுப்பியவர்கள் நமக்கு வேண்டியவர்கள். அவர்களுள் இருவர், தம் வீட்டில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அவர்தம் கண்ணீரையோ நல்லெண்ணத்தையோ ஐயுறும் உரிமை நமக்கு இல்லை. ஆயினும் அம்முயற்சி தவறு என்றே கருதுகிறோம். அதை இவ்விதழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஞாயிறு மறையுரையில் சொன்னால் எழுந்து நின்று மறுக்க யாருக்கும் வாய்ப்பில்லை. இங்கு எழுதினால் அடுத்த மாதம் மறுத்தெழுதலாம். மறுத்தெழுதுமாறு அன்புடன் அழைக்கிறோம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரியின் கதையிலிருந்து தொடங்குவோம். நாற்பத்தேழு வயது, கணவர் இல்லை, கடலைக் காட்டில் கூலி வேலை. மாதவிலக்கு நின்றபின் மீண்டும் உதிரப்போக்கு தொடங்கியது. அருகிலிருந்த கன்னியர் மருந்தகத்துக்குப் போனார். அங்கு மூன்று மாதம் இரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரம்மா" என்றார்கள். எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது என்று எழுதித் தந்தாரில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி, பேருந்து நிற்கும் ஊரில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைதான். சங்கிலியை அடகு வைத்தார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் உதிரமும் வலியும் திரும்பின. இம்முறை மாநகர மருத்துவமனை. அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "அறுத்தெடுத்த உறுப்பைச் சோதித்த அறிக்கை எங்கே?" என்பது. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். பழைய மருத்துவமனையிலிருந்து நான்கு வரிச் சீட்டு ஒன்றை வாங்கிவர அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

கருப்பை வாயில் புற்று. கதிர்வீச்சு தொடங்கினார்கள், நம் மக்கள் மொழியில் "கரண்டு வைத்தார்கள்". சிகிச்சைக்கென ஒரு காசும் அவரிடம் வாங்கவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதைப் பார்த்துக்கொண்டது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், அதன்பின் உள்கதிர்வீச்சு. இச்சிகிச்சை முழுவதும் ஏறத்தாழ எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பது மருத்துவ நூல் அறிந்தோர் கூறும் விதி. இடையில் நாள் தவறினால், சுட்டது போக எஞ்சிய புற்று அணுக்கள் வேகமாய்ப் பெருகிவிடும். ஆனால் இந்தச் சகோதரி தங்கியது மருத்துவமனைத் தாழ்வாரத்தில். பதினான்காம் தடவை கரண்டு வைத்துக்கொண்டபின் ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. போகாததை யாரும் கேட்கவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்தது திருப்பூரில் வேலை செய்த மகனுடைய பழைய தொலைபேசி எண். நோயிற்பூசுதலுக்காக நம்மை அழைத்தபோது ஐந்து மாதம் கடந்திருந்தது.

இதில் யாரைக் குற்றம் சாட்டுவது? மருந்தகத்துச் சகோதரி அன்பில் குறைந்தவர் அல்லர். மாநகர மருத்துவர் ஒரே காலையில் நூறு பேரைப் பார்ப்பவர். தனியார் மருத்துவமனையின் பொறுப்பின்மைக்கு நாம் சாக்குச் சொல்ல மாட்டோம். எனினும் அதைக் கேட்க வேண்டியவர்களும் கேட்கவில்லை. நம்மையும் விலக்கிக்கொள்வதற்கில்லை. அந்த மாநகரில், அந்த மருத்துவமனைக்கு நடந்து செல்லும் தொலைவில், ஒரு கன்னியர் இல்லம் இருக்கிறது. ஒரு காலத்தில் நாற்பது நவகன்னியர் தங்கிய அதன் மேல்மாடி இன்று பூட்டிக் கிடக்கிறது. நாமே அங்கு ஆண்டுத் தியானம் கொடுத்திருக்கிறோம். அவ்வறைகளில் ஒன்றில் உறங்கியிருக்கிறோம். நம் பங்கின் பெண் ஒருவர் தாழ்வாரத்தில் படுத்துக் கரண்டு வைத்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தும், அந்த மேல்மாடி நம் நினைவுக்கு வரவேயில்லை.

அவர் இறந்தது மருத்துவமனை இல்லாமையால் அன்று. மூன்று இடங்களில் அவர் காலெடுத்து வைத்தார். ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் நடுவே இருந்த வழியில்தான் அவரை இழந்தோம். நான்காவதாக ஒரு மருத்துவமனையை நாம் கட்டினால், அது அதே வழியின் கடைசியில் போய் நிற்கும். வழி அப்படியே இருக்கும்.

"எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் நாமே வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாதே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கூரையின்கீழ் என்னென்ன வர வேண்டும் என்பதைச் சற்றே எண்ணுவோம். கதிர்வீச்சுக் கருவியைச் சூழ ஒரு மீட்டருக்கு மேல் கனமுள்ள கான்கிரீட் சுவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், கதிர்வீச்சு மருத்துவர், மருத்துவ இயற்பியலர், கருவி இயக்குநர், திசுவைப் பார்த்துச் சொல்லும் நோய்க்குறியியல் வல்லுநர், அறுவை மருத்துவர். இவர்களில் ஒருவர் விலகினாலும் கருவி சும்மா நிற்கும்; கடனோ சும்மா நிற்காது. கடனை அடைக்க நாள்தோறும் இருக்கைகள் நிரம்பியாக வேண்டும். நிரப்புபவர்கள் பணமுள்ளவர்களாய் இருக்க வேண்டும். நம் பெரிய பள்ளிகள் எவ்வாறு தொடங்கின, இன்று எவர் பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அடையாற்றில் குடிசையில் தொடங்கவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. தொடங்கினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைப் பல்லாண்டு நெஞ்சில் சுமந்து, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக வீடு வீடாய் நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அம்மருத்துவமனையைத் திறந்தார். அந்நாளில் தென்னாட்டில் இதற்கென வேறோர் இடம் கிடையாது, ஆகவே கட்டினார். இன்று மதுரையிலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவமனைகளிலேயே கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் அண்ணா பெயரால் அரசின் புற்றுநோய் நிலையம் உண்டு. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உண்டு. முத்துலட்சுமி ரெட்டியைப் பின்பற்ற விரும்புவோர், அவர் கட்டிய சுவரைப் பார்ப்பதை விட, தம் காலத்தில் எது இல்லை என்று அவர் கண்டதைப் பார்ப்பது நலம்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை நம்மில் எத்தனை பேர் எத்தனை முறை விளக்கியிருப்போம்! குருவையும் லேவியரையும் சாடுவோம், எண்ணெயையும் திராட்சை மதுவையும் உருவகப்படுத்துவோம், நேரமாகிவிடும், சத்திரத்தை எட்டுமுன் மறையுரை முடிந்துவிடும். ஆனால் கதையின் முக்கால் பங்கு வேலை சத்திரத்தில்தான் நடக்கிறது. சமாரியர் காயத்தைக் கட்டினார். தம் விலங்கின்மேல் ஏற்றினார். பிறகு தமக்குச் சொந்தமில்லாத ஓர் இடத்தில், தம் இனத்தவராய் இருக்க வாய்ப்பில்லாத ஒருவரிடம், நோயாளியை ஒப்படைத்தார். வாசலில் இறக்கிவிட்டுப் போகவில்லை. ஓர் இரவு உடன் தங்கினார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேற்செலவுக்குப் பொறுப்பேற்றார், திரும்பி வருவதாகச் சொன்னார். மருத்துவமனைகள் தமக்குள் செய்துகொள்ள வேண்டியவை யாவும் அதில் அடங்கியுள்ளன: கைம்மாற்று, செலவுக்கு வழி, மீண்டும் வந்து விசாரித்தல். அச்சமாரியர் எரிகோ சாலையில் தம் பெயரால் ஒரு சத்திரம் கட்ட நிதி திரட்டியதாக லூக்கா எழுதவில்லை. துன்பத்தின் பொருளைப் பற்றி 1984-இல் திருமடல் எழுதிய இரண்டாம் யோவான் பவுல், அதில் ஒரு முழுப் பகுதியை இந்தச் சமாரியருக்கே ஒதுக்கினார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

இவையெல்லாம் மறையுரைக்கு அழகு, நடைமுறைக்கு ஆகாது என்பார்க்கு, நம் அண்டையிலேயே நடந்த ஒன்றைச் சொல்வோம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்து அம்பிளிக்கை என்றோர் ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம் நம் கத்தோலிக்கச் சபைக்கு உரியது அன்று. அந்தச் சிறு மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், கோவை பூ.சா.கோ. மருத்துவக் கழகமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் கைகோத்தன. மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் 57 பகுதிகளின் பெண்களுக்குப் பரிசோதனை, மற்ற 57-இல் வழக்கமான மருத்துவம் என்று வகுத்தார்கள். 2000 முதல் 2003 வரை, 30 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். கருவி? நீர்த்த அசிட்டிக் அமிலம். நம் சமையலறை வினிகரின் உறவு. கருப்பை வாயில் அதைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் அடைந்த திசு வெள்ளையாய்த் தெரியும். தெரிந்தவர்களுக்கு அங்கேயே திசுப் பரிசோதனை. தேவைப்பட்டால் குளிரூட்டி உறையச் செய்து நீக்கும் சிகிச்சையையும் அதே வருகையில் செவிலியரே செய்தனர். பெரிய நோயாய் இருந்தால் மேல்மருத்துவமனைக்கு வழிகாட்டினர். 2006 வரை தொடர்ந்து கணக்கெடுத்தபோது, பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேரும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. உலகெங்கும் ஏழை நாடுகளின் திட்டங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. நம் மறைமாவட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதில் நாம் வியப்பது வினிகரை அன்று. சாவு குறைந்தது என்பதை எவ்வாறு அறிந்தார்கள்? மாவட்டத்துக்கென ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்தது. அதன் ஊழியர்கள் அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் சோதனைக் கூடத்துக்கும் ஏறி இறங்கினார்கள். சாவுப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். வீடு தேடிப் போனார்கள். பலர் தம் பதிவேடுகளைத் திறந்து காட்டினார்கள். ஒருவர் மூடியிருந்தாலும் கணக்குப் பிழைத்திருக்கும். நம் மறைமாவட்ட மருத்துவமனைகளில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்குப் புற்று என்று ஐயம் எழுந்தது, அவர்களில் எத்தனை பேர் எங்குச் சென்று சேர்ந்தனர் என்று கேட்டால், தர நம்மிடம் ஒரு தாள் இல்லை. ஒரு சபையாரின் மருத்துவமனை மற்றொரு சபையாரின் மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்புவதையே மானக்கேடாக எண்ணும் நிலை நம்மிடையே இருக்கிறது. இதை எழுத நமக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் ஒன்றிணைவது நமக்குப் புதிது அன்று. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்று, 1920-இல் குண்டூருக்கு வந்து துறவறம் பூண்ட அருட்சகோதரி மேரி குளோரி, சிதறிக் கிடந்த கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே குடையின்கீழ் கொணர 1943-இல் ஒரு சங்கத்தை நிறுவினார். இன்றைய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் அதுவே. 3,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உறுப்பு. 1957-இல் பெங்களூரில் புற்றுநோயால்தான் அந்த அம்மையார் உயிர் நீத்தார். 2013-இல் இறை ஊழியர் என அறிவிக்கப்பெற்ற அவரது படத்தை நம் மருத்துவமனைகளில் மாட்டுகிறோம். மருந்து வாங்கும்போதோ ஆளுக்கொரு கடை பார்க்கிறோம். 2012-இல் மும்பை டாட்டா நினைவு மையத்தை நடுவாகக் கொண்டு தேசியப் புற்றுநோய் வலையமைப்பு தோன்றியது. அதைச் சேர்ந்த பெரிய மருத்துவமனைகள் கூடிப் பேசி 40 மருந்துகளுக்கு ஒரே பேரமாக விலை கேட்டபோது, சில மருந்துகள் அடிமாட்டு விலைக்கு இறங்கின. பெரியவர்களே கூடித்தான் வாங்குகிறார்கள். நாற்பது படுக்கை வைத்திருக்கும் நாம் தனியே நின்று கௌரவம் பார்க்கிறோம்.

நாம் கேட்பது மிகப் பெரிதன்று. ஒவ்வொரு மறைவட்டத்திலும் ஒருவர், அருட்சகோதரியோ பொதுநிலையினரோ, புற்று என்று ஐயமுள்ளவர்களின் பெயரை ஒரே குறிப்பேட்டில் எழுதட்டும். எங்கு அனுப்பினோம், போய்ச் சேர்ந்தாரா, சோதனை முடிவு வந்ததா, சிகிச்சை நாள் தவறினாரா என்று தொலைபேசியில் கேட்கட்டும். அரசு மருத்துவமனைச் சமூகப் பணியாளரின் எண் அவரிடமும், அவருடைய எண் அந்தப் பணியாளரிடமும் இருக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுக்கப் போகும் வீட்டில் இதையும் விசாரிக்கலாம். நம் மருத்துவமனையில் அறுத்தெடுத்த எந்த உறுப்பும் சோதனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. அறிக்கையும் கண்ணாடிச் சில்லும் நோயாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும், ஏனெனில் அவை அவருடையவை. பரிசோதனைக்கு அன்பியக் கூட்டங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துடன் இணைக்கலாம். பெண்கள் செவிலியரிடம் போகக் கூசுவது பெரிதும் தனியாகப் போவதால். பத்துப் பேராய்ப் போனால் கூச்சம் பாதி. இரயில்வே புற்றுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. அதற்கான மருத்துவமனைச் சான்றை வாங்கித் தர ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று உண்டு. அதைச் சொல்லும்போது நம் போன்ற குருக்கள் தலைகுனிய வேண்டியிருக்கிறது. இந்தச் சகோதரியின் கடைசி வாரங்களில் நாம் நான்கு முறை நற்கருணை கொண்டு சென்றோம். வலியைச் சிலுவையோடு இணைக்கச் சொன்னோம். அவர் "சரிங்க சாமி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவ்வலிக்கு உலகறிந்த மருந்து மார்ஃபின். மாத்திரையாக வாயில் போடுவது. விலையும் மிகக் குறைவு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் அதைக் கைவிட்டிருந்தன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக்கொள்ள வழி எளிதாயிற்று. நம் மருத்துவமனைகளில் எத்தனை அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தன? வலி நீக்கும் மருந்து அறிவை மங்கச் செய்யினும், வேறு வழி இல்லாதபோது அதைக் கொடுப்பது தகும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே மருத்துவர்களிடம் கூறிவிட்டார். குருமடத்தில் அறநெறி இறையியலில் நாம் அதைப் படித்தோம், தேர்வும் எழுதினோம். துன்பத்தை ஏற்றுக்கொள்வது துன்புறுவோரின் உரிமை. மாத்திரை கிடைக்காத கட்டிலருகே நின்று அதைப் போதிக்க நமக்கு என்ன உரிமை?

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு ஊர்தோறும் கட்சி, சமயம் பாராமல் தன்னார்வலர் சேர்ந்து, செவிலியரோடு வீடு வீடாய்ப் போனார்கள். 2008-இல் அம்மாநில அரசே இதற்கொரு கொள்கை வகுத்தது. கட்டடம் எழுப்பி அவர்கள் தொடங்கவில்லை.

"பிற சபையார் மருத்துவமனைக்கு அனுப்பினால் நம் மக்கள் அங்கேயே போய்விடுவார்கள்" என்று பங்குப் பேரவையில் ஒருவர் சொன்னார். போனவர் உயிரோடு இருந்தால் திரும்பி வரவும் கூடும் என்று பதில் சொன்னோம். அரசு அலுவலகங்களின் இழுத்தடிப்பு பற்றிய குறைக்கு நம்மிடம் பதில் இல்லை, அது உண்மை. நாமும் காத்திருந்திருக்கிறோம். இனியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

நன்கொடைப் புத்தகத்தை ஓர் இரசீதும் கிழிக்காமல் திருப்பியனுப்பியிருக்கிறோம். கூடவே, அந்த மாநகரக் கன்னியர் இல்லத் தலைவிக்கு நாம் எழுதிய கடிதத்தின் படி ஒன்றையும் வைத்திருக்கிறோம். மேல்மாடியில் ஆறு அறைகள். கரண்டு வைக்க வரும் பெண்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் தங்குமிடம். இரவு உணவுச் செலவை நம் பங்கும் அண்டைப் பங்குகள் இரண்டும் ஏற்கும். சமயம், சபை கேட்கலாகாது. இவ்வளவே அதில் எழுதியிருந்தோம். கடிதம் போய் ஒன்பது வாரம் ஆகிறது. குழாய் பழுதுபார்க்க வேண்டும், சபைத் தலைமை இல்லத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அனுமதி இன்னும் வரவில்லை.